பாதைக்கு மூன்று நட்சத்திரம், அம்புக்குறிக்கு ஐந்து

சிங்கப்பூரில் ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸுக்கு நட்சத்திரம் போட நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அன்றாடம் கால் வைக்கிற நடைபாதைக்கு ஒருவரும் போடுவதில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன். அங் மோ கியோ வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் பேருந்து ஓட்டினேன். இப்போது காலும் சைக்கிளும்தான். சாலையை ஓட்டுநர் இருக்கையிலிருந்தும் பார்த்திருக்கிறேன், ஓரத்தில் நின்றும் பார்க்கிறேன். ஆகவே நான் எழுதுவது கார்க்காரர்களுக்குப் பிடிக்காது. சைக்கிள்காரர்கள் சிலருக்கும் பிடிக்காது.

முதலில் எங்கள் வட்டாரத்துச் சைக்கிள் பாதை. நடப்பதற்கும் சைக்கிளோட்டுவதற்கும் முன்மாதிரி என்று அங் மோ கியோவைத் தேர்ந்தெடுத்து, தொடக்கத்தில் 2.6 கிலோமீட்டர் போட்டார்கள். பிறகு நீட்டிக்கொண்டே போனார்கள். எம்ஆர்டி ரயில் போகும் மேம்பாலத்தை ஒட்டிய பகுதிதான் எனக்குப் பிடித்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு இந்த ஊரில் நிழல் என்பது பாதையைவிடப் பெரிய வசதி. கான்கிரீட் நிழலாக இருந்தாலும் நிழல்தான். இதே காரணத்தால், எம்ஆர்டி நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குக் கூரை போட்ட நடைபாதை அமைத்த திட்டத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2013 முதல் 2018 வரை நடந்த அந்த வேலையில் 200 கிலோமீட்டருக்கு மேல் கூரை எழுந்தது. மழைக்காலத்தில் மளிகைப் பையோடு நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பேருந்து நிறுத்தங்களில் பாதையை நிறுத்தத்தின் பின்பக்கமாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இதை ஒரு பேருந்து ஓட்டுநர்தான் சரியாக மெச்ச முடியும். பயணி படியிறங்கும்போது காலடியைப் பார்ப்பார், பக்கவாட்டில் பார்க்க மாட்டார். கதவுக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் புகுந்து வந்தால் ஓட்டுநருக்கு ஒலிப்பான் அடிக்கக்கூட நேரம் இருக்காது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேறொரு தொல்லை வந்திருக்கிறது. பேருந்து வந்துவிட்டதைப் பார்த்து ஓடிவருகிறவர்கள் பின்பக்கத்திலிருந்து சைக்கிள் பாதையைக் கடந்துதான் வர வேண்டும். அவர்கள் கண் பேருந்து எண்ணின் மேல் இருக்கும். இதற்காகத்தான் அந்த இடங்களில் 'பாதசாரிகளுக்கு முன்னுரிமை' என்று எழுதி, வேகத்தைக் குறைக்கத் தரையில் பட்டைகள் போட்டார்கள். பட்டைகளை மதிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால் பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும்தான். விலை உயர்ந்த சைக்கிளில் இறுக்கமான சட்டை போட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பட்டை கண்ணில் படுவதே இல்லை.

சரி, பாதைக்கு ஏன் மூன்றுதான்? ஏனென்றால் அதை நீளத்தால் அளக்கிறார்கள். 2030க்குள் தீவு முழுவதும் சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்பது இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் கிலோமீட்டர் கணக்கு எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. அடுக்குமாடி புளோக்குகளின் ஓரமாக நேராகப் போகிற இடத்தில் யாருக்கும் அடிபடுவதில்லை. அங்கே பாதை இல்லாவிட்டால்கூட ஒருவாறு போய்விடலாம். அடிபடுவது மூன்று இடங்களில்: சந்திப்பு, கார் நிறுத்துமிடத்தின் வாசல், கிளைச்சாலை முகப்பு. நன்றாக வந்துகொண்டிருக்கிற பாதை சரியாக அங்கேதான் மறைந்துபோகிறது. நூறு மீட்டர் அழகாகப் போட்டுவிட்டு, ஆபத்தான பத்து மீட்டரில் 'இறங்கித் தள்ளவும்' என்று ஒரு பலகை. இந்தத் தீவில் எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஓர் இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. பலகை வைப்பது மலிவு. கிளைச்சாலை முகப்பில் தரையை உயர்த்திக் கட்டி, கார்தான் ஏறி இறங்க வேண்டும் என்று செய்வது செலவு. செய்த இடங்களில் பலன் தெரிகிறது: கார் ஏறும்போது ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது. அறிவுரை எதுவும் தேவைப்படுவதில்லை.

இப்போது தலைப்பில் சொன்ன அம்புக்குறி. நடப்பவர்களைக் காப்பாற்றுவதற்காக இந்த ஊரில் செய்த காரியங்களில் ஆகச் சிறந்தது ஒரு பாதையே இல்லை. அது போக்குவரத்து விளக்கில் இருக்கிற சிவப்பு-மஞ்சள்-பச்சை அம்புக்குறி. சைக்கிள் மன்றங்களில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கே கடக்க வேண்டும். முன்பெல்லாம் பெரும்பாலான சந்திப்புகளில் பச்சை விழுந்ததும் நடுவில் வந்து நின்று, எதிரே இடைவெளி கிடைத்தால் திரும்பிக்கொள்ளலாம், ஓட்டுநரின் விருப்பம். அதே பச்சையில், அவர் திரும்பி நுழையப்போகிற சாலையைக் கடக்கிறவர்களுக்கும் பச்சை மனிதன் எரிந்துகொண்டிருப்பான். ஓட்டுநர் என்ன பார்க்கிறார்? எதிரே வருகிற லாரியின் வேகத்தைப் பார்க்கிறார். பின்னால் நிற்கிறவன் விளக்கை விளக்கை அடிப்பதைக் கண்ணாடியில் பார்க்கிறார். இடைவெளி கிடைத்த அடுத்த நொடியில் முழுக் கவனத்தோடு திரும்புகிறார். அந்தக் கவனத்தில் பாதசாரிக்குப் பங்கே இல்லை. காரின் முன் தூண் வேறு, கடந்துகொண்டிருக்கும் ஒரு முழு ஆளை மறைக்கும் அகலம் கொண்டது. பேருந்தில் அது இன்னும் தடிமன். இருக்கையில் முன்னும் பின்னும் உடம்பை அசைத்துப் பார்த்துத் திரும்பு என்று பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். கார்க்காரர்களில் எத்தனை பேர் அசைகிறார்கள்?

2018 ஏப்ரலில் கிளமெண்டியில் வலப்பக்கம் திரும்பிய டாக்சி மீது கார் மோதி, டாக்சியில் இருந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் இறந்தார். அதன் பிறகு இந்த விருப்பத் திருப்பத்தை எடுத்துவிட்டு, வலப்பக்கம் திரும்புவதற்குத் தனி அம்புக்குறி வைக்கிற வேலை சூடு பிடித்தது. அம்பு சிவப்பாக இருக்கும்போது திரும்பக் கூடாது. அம்பு பச்சையானால் பாதசாரிக்குச் சிவப்பு. அவ்வளவுதான் விஷயம். இரு தரப்பும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதற்கு வழியே இல்லை. ஓட்டுநர் நல்லவரா, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா, தொலைபேசியில் பேசுகிறாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி மதிப்பு போய்விடுகிறது. கார்க்காரர்கள் இதனால் ஒரு சுற்று கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று முணுமுணுக்கிறார்கள். காத்திருக்கட்டும். குளிர்சாதனத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு அடுத்தபடியாக நான் நட்சத்திரம் தருவது முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால் கடக்கும் நேரம் நீள்கிற ஏற்பாட்டுக்கு. 'கிரீன் மேன் பிளஸ்' என்று பெயர், 2009இல் தொடங்கியது. விளக்குக் கம்பத்தில் இருக்கிற பெட்டியில் அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி கூடுதலாகக் கிடைக்கும். உடற்குறை உள்ளவர்களுக்கான அட்டைக்கும் இது உண்டு. முழங்கால் வலியோடு நடக்கிறவர்களுக்கு ஐந்து வினாடி என்றால் எவ்வளவு தூரம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். என் மனைவி முதலில் தட்ட மறுத்தார். "எல்லாருடைய நேரத்தையும் நான் ஏன் பிடிக்க வேண்டும்?" என்றார். "நீ எத்தனையோ வருடம் வாகனங்களுக்காக வெயிலில் நின்றிருக்கிறாய், அதில் கொஞ்சம் திரும்பக் கேள்" என்றேன். இப்போது என் அட்டையையும் சேர்த்துத் தட்டலாமா என்று கேட்கிறார். குறை ஒன்று உண்டு. கையில் இரண்டு பை, பைக்குள் பணப்பை, அதற்குள் அட்டை. தேடி எடுப்பதற்குள் பச்சை வந்துவிடுகிறது. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

புக்கிட் மேராவில் இருக்கிற என் அக்காவைப் பார்க்கப் போகும்போது வேறொரு வகையைப் பார்க்கிறேன். 2014 முதல் முதியோர் அதிகம் வசிக்கிற இடங்களில் 'சில்வர் ஸோன்' அமைக்கிறார்கள். புக்கிட் மேரா வியூதான் முதலில் வந்தவற்றில் ஒன்று. சாலையை வேண்டுமென்றே சற்று வளைத்து, நடுவில் திட்டு கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பார்த்துப் பாதி கடந்து, திட்டில் நின்று மூச்சு விட்டு, மறுபக்கம் பார்த்து மீதியைக் கடக்கலாம். வேக வரம்பையும் குறைக்கிறார்கள். எண்பதை நெருங்கும் அக்காவுக்கு ஸோன் என்பதெல்லாம் தெரியாது. "நடுவில் நிற்க இடம் இருக்கிறது" என்பார். போதும்.

மேம்பாலங்களைப் பற்றிக் கேட்கிறீர்களா? சாலைக்கு மேல் ஏறி இறங்குகிற பாலம், 1964இல் காலியர் கீயில் முதலாவதைக் கட்டிய நாளிலிருந்து இந்த ஊரின் பழக்கமாகிவிட்டது. பாதுகாப்பு என்கிறார்கள். பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வாகனம் நிற்காமல் போக வேண்டும் என்பதற்காக, நடக்கிறவர் இரண்டு மாடி ஏறி இறங்குகிறார். கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வேறு வழியாகக் கடந்தால் குற்றம் என்ற விதியும் சேர்ந்துவிட்டது. லிஃப்ட் வைத்த பாலங்களுக்கு இரண்டு நட்சத்திரம். லிஃப்ட் இல்லாதவற்றுக்கு ஒன்று, அதுவும் மழைக்கு ஒதுங்கலாம் என்பதற்காக.

நின்றுகொண்டு ஓட்டுகிற மின்ஸ்கூட்டர் விவகாரத்தில் என் கருத்து பலருக்கு உவப்பாக இருக்காது. 2019 பிப்ரவரியில் நடைபாதையில் வேக வரம்பை மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். சைக்கிள் பாதையிலும் பூங்காக்களை இணைக்கும் பாதைகளிலும் 25. அந்த ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டரோடு மோதி, சைக்கிளில் போன மூதாட்டி ஒருவர் இறந்தார். நவம்பர் 5ஆம் தேதி நடைபாதையில் மின்ஸ்கூட்டரே கூடாது என்று தடை வந்தது. உணவு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர்கள் கலங்கிப்போய் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடிப் போனார்கள். வண்டியை மாற்றிக்கொள்ள அரசும் உணவு விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 7 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கின. அவர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் கணக்கு ஒன்று இருக்கிறது: வேகம் பத்திலிருந்து இருபத்தைந்தானால் இரண்டரை மடங்குதான், மோதலின் ஆற்றல் ஆறு மடங்குக்கு மேல். முதியவர்களின் இடுப்பெலும்பு இந்தக் கணக்கில் பேரம் பேசாது. 2025 ஜூலை முதல், பக்கத்தில் சைக்கிள் பாதை இருக்கும் இடங்களில் நடைபாதை முழுக்க நடக்கிறவர்களுக்கே என்றாகிவிட்டது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம். சைக்கிள்காரன் என்ற முறையிலும் சொல்கிறேன்: எனக்குத் தனிப் பாதை கொடுத்த பிறகு, பாட்டிமார்களின் பாதையில் எனக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, சைக்கிளில் போவது உண்டு. பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குள் நுழைந்து, காலாங் ஆற்றோரமாகத் தெற்கே இறங்க வேண்டும். அந்தப் பூங்காவுக்கே தனி மதிப்பீடு எழுதலாம். நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்த 2.7 கிலோமீட்டரை உடைத்து, வளைந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக்கி, 2012இல் திறந்தார்கள். நீர் ஏறினால் எச்சரிக்க விளக்கும் ஒலியும் உண்டு. காலை ஏழு மணிக்குப் போனால் சொர்க்கம். மாலை ஆறு மணிக்குப் போனால் குழந்தைகள், நாய்கள், நாயின் கயிறுகள், தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்கள். சட்டம் 25 என்று சொன்னாலும் பத்தைத் தாண்ட வேண்டாம். ஆற்றோரப் பாதையின் பலவீனம் பெரிய சாலைகள் குறுக்கிடும் இடங்கள். அங்கெல்லாம் ஓட்டம் அறுந்துபோகிறது. பீஷானிலிருந்து நகர மையம் வரை தடையில்லாமல் 10 கிலோமீட்டர் போகும்படி சுரங்கவழிகளும் பாலங்களும் சேர்ப்பது என்று திட்டமிட்டது இதற்காகத்தான். இலக்கு எண்களில் எனக்குப் பிடித்தது இதுதான். ஏனென்றால் இது நீளத்தைக் கூட்டுவதற்காக வந்ததில்லை, அறுந்ததைத் தைக்க வந்தது.

தேக்காவுக்குள் சைக்கிளை ஓட்டாதீர்கள். நிறுத்திவிட்டு நடங்கள். சிராங்கூன் சாலையின் கடை வரிசைகளுக்கு முன்னால் இருக்கிற ஐந்தடிப் பாதைகளுக்குத்தான் நான் மனதார அரை நட்சத்திரம் கூடுதலாகப் போட நினைக்கிறேன், போட முடியவில்லை. 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோதே, ஒவ்வொரு கடை வீட்டின் முன்னும் தெரு நெடுகத் தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்று ஆணை போட்டார். வெயிலும் மழையும் தெரிந்த ஆணை. ஆனால் கடைக்காரர்கள் சரக்கை அங்கேயே அடுக்கினார்கள். அதை அப்புறப்படுத்தப் போய் 1888இல் கலவரமே மூண்டது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் வெங்காய மூட்டையும் பூக்கடை முக்காலியும் அதே இடத்தில் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவர் சாலையில் இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. எனக்கு இரு மனது. மூட்டையை எடுத்துவிட்டால் அது தேக்கா இல்லை. எடுக்காவிட்டால் அது நடைபாதை இல்லை. இந்திய மரபுடைமை நிலையம் இருக்கும் கேம்பல் லேனில் வாகனத்தையே வெளியே நிறுத்திவிட்டார்கள். அங்கே கடையும் பிழைக்கிறது, நடக்கிறவரும் பிழைக்கிறார். தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ரயில் பசுமைப் பாதையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 2011 ஜூன் 30 வரை மலாயா ரயில் ஓடிய தடம், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் வரை 24 கிலோமீட்டர். ரயிலுக்காகப் போட்டது என்பதால் ஏற்றம் தெரியாது, முழங்காலுக்கு உகந்தது. மலாயாவில் தண்டவாளம் போட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். அந்த நினைப்போடு நடந்தால் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கலாம். பெரும்பகுதியில் விளக்கு இல்லை, ஆகவே பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். பால் வாங்கப் போகிற பாதை இல்லை இது. உலாவுக்கு நான்கு நட்சத்திரம்.

வாடகைச் சைக்கிள்களும் இருக்கின்றன. அரை மணிக்கு ஒரு வெள்ளி அளவில் கிடைக்கும். மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி, அங்கிருக்கிற கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் கணக்கு முடியும், மறந்தால் அபராதம். எந்த நிறுவனத்துடையது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குக் கிடைப்பதில் பாதி வண்டியின் இருக்கை உயர்த்திய இடத்தில் நிற்பதில்லை. ஓட்ட ஓட்ட முழங்கால் தாடைக்கு வருகிறது. எடுப்பதற்கு முன் இருக்கையை அழுத்திப் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறார்கள். ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் வழி காட்டும். அதை முதல் வரைவாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வழியை ஒருமுறை நடந்தே போங்கள். வலப்பக்கம் திரும்புவதற்கு அம்புக்குறி இல்லாத சந்திப்பு எத்தனை, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வாசல் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டையும் சேர்த்து எது குறைவோ அந்த வழி, ஐந்து நிமிடம் கூடுதலானாலும் சரி. இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் பேருந்தின் உட்பக்கத்தில் ஒருபோதும் போய் நிற்காதீர்கள். அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் 2019 முதல் கட்டாயம். பாதையில் கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள். இரவில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு.

எங்கள் ஆறாவது அவென்யூ பக்கம் வடக்கு-தெற்கு விரைவுச்சாலை வேலை நடந்துகொண்டிருக்கிறது. 21.5 கிலோமீட்டர் தடம், அதோடு சைக்கிள் பாதையும் வரப்போகிறது. அதுவரை தடுப்புப் பலகைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்; போன வாரம் இருந்த வழி இந்த வாரம் இருக்காது. அந்தப் பக்கத்துக்கு இப்போது நட்சத்திரம் போடுவது நியாயம் இல்லை. வேலை முடிந்ததும் போடுகிறேன். போடுவதற்கு முன்னால் அங்கே வலப்பக்கம் திரும்ப அம்புக்குறி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.